ஆண்டவருக்குத் தெரியாதா?

இன்று பட்டம் பெறும் இறையியல் மாணவ மாணவியரே,

நடக்கப்போவதைக் கடவுள் முன்பே அறிவார் என்றால், மனிதனுக்குச் சுயசித்தம் ஏது? தேர்வுத்தாளில் இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதியாயிற்று. சபைக்குப் போனபின் இதே கேள்வி வேறு குரலில் வரும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது கேரளத்தின் பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டின் தூத்தூரிலும் வள்ளவிளையிலும், கடலுக்குப் போன மீனவர்களுக்காகக் கரையில் காத்து நின்ற பெண்கள் கேட்டது இதுதான்: ஆண்டவருக்குத் தெரியாதா? தெரிந்துமா போகவிட்டார்?

இந்தக் கேள்விக்குக் கேரளத்தில் பழைய வரலாறு உண்டு. 1599 ஜூன் மாதம் கொச்சிக்குத் தெற்கே உதயம்பேரூரில், கோவா பேராயர் மெனேசெஸ் ஒரு சங்கத்தைக் கூட்டினார். தோமா கிறிஸ்தவர்களை ரோமின் ஒழுங்குக்குள் கொண்டுவருவது நோக்கம். அதன் ஆணைகளில் ஒன்று, மக்களிடையே பரவியிருந்த மூன்று கருத்துகளைப் பிழை என்று கண்டித்தது. மறுபிறப்பு ஒன்று. அவரவர் மார்க்கத்திலேயே அவரவருக்கு மீட்பு உண்டு என்பது மற்றொன்று. நமக்கு வேண்டியது இன்னொன்று: பிறந்த நேரத்தில் குறித்த விதிப்படியே எல்லாம் நடந்தே தீரும், அதை யாராலும் மாற்ற முடியாது என்ற நம்பிக்கை. நானூறு ஆண்டுகள் கழிந்தும், கல்யாணப் பேச்சு வந்தால் ஓசைப்படாமல் ஜாதகம் பார்க்கும் கிறிஸ்தவ வீடுகளை நீங்கள் காண்பீர்கள்.

விதியைப் பற்றிய அந்த ஆணை சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதே சங்கம் தோமா கிறிஸ்தவர்களின் சுரியானி நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டது. மனிதன் விதிக்கு அடிமையல்ல என்று கற்பித்தவர்கள், ஒரு திருச்சபையின் நினைவைத் தீயிலிட்டு அதன் சம்மதத்தை வாங்கினார்கள். இயேசு சபையினருக்கு இனிக் கீழ்ப்படியோம் என்று 1653-இல் மட்டாஞ்சேரியில் கூனன் குரிசு சத்தியம் செய்தவர்கள் அந்தச் சம்மதம் எத்தகையது என்பதைக் காட்டினார்கள்.

உதயம்பேரூர் சங்கம் கூடிய அதே ஆண்டுகளில் ரோமிலும் முன்னறிவு, சுயசித்தம் பற்றிய விவாதம் கொதித்துக்கொண்டிருந்தது. லூயிஸ் டி மோலினா என்ற இயேசு சபைக் குரு 1588-இல் வெளியிட்ட நூலில், ஒரு மனிதன் எந்தச் சூழலில் என்ன தேர்ந்துகொள்வான் என்பதையும் கடவுள் அறிவார், அந்த அறிவு அவனுடைய தேர்வைப் பறிப்பதில்லை என்று வாதிட்டார். தோமினிக்கன் சபையினர் கடுமையாக எதிர்த்தார்கள். 1598-இல் தொடங்கிய விசாரணை 1607 வரை நீண்டது. முடிவில் போப் ஐந்தாம் பவுல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒருவரையொருவர் கண்டனம் செய்யக்கூடாது என்று மட்டும் கட்டளையிட்டார். திருச்சபை தன் அறிவின் எல்லையை ஒப்புக்கொண்ட அந்த நேரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தத்துவஞானி போயத்தியுஸ் மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையிலிருந்து எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். கடவுளுக்கு முன், பின் என்பது இல்லை. முழுக்காலமும் அவர் முன் ஒரே நிகழ்காலமாக நிற்கிறது. அக்குவினாஸ் அதையே வேறு விதமாகச் சொன்னார். பாதையில் நடப்பவன் தனக்குப் பின்னே வருபவரைக் காண்பதில்லை; உயரத்தில் நிற்பவனோ வழி முழுவதையும் ஒருசேரக் காண்கிறான். காண்பதால் அவன் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. நல்ல விளக்கம்தான். ஆனால் கரையில் நிற்கும் தாய்க்கு இது பதிலாகாது. உயரத்தில் நின்றவர் ஏன் குரல் கொடுக்கவில்லை என்றுதான் அவள் கேட்கிறாள்.

ஆகவே உங்களை முதலாம் சாமுவேல் 23-ஆம் அதிகாரத்துக்கு அழைக்கிறேன். மோலினாவும் அந்தப் பகுதியை எடுத்துப் பேசியவர்தான். சவுல் ராஜாவுக்குத் தப்பி ஓடும் தாவீது கேகிலா ஊரில் இருக்கிறான். சவுல் இங்கே வருவானா, இந்த ஊரார் என்னைப் பிடித்துக் கொடுப்பார்களா என்று கர்த்தரிடம் கேட்கிறான். வருவான், கொடுப்பார்கள் என்று பதில் கிடைக்கிறது. உடனே தாவீது தன் ஆட்களோடு கிளம்பிவிடுகிறான். சவுல் வரவில்லை. ஊரார் காட்டிக்கொடுக்கவும் இல்லை. கர்த்தர் சொன்னது நடக்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னது பொய்யில்லை. அந்த அறிவு தாவீதின் கால்களைக் கட்டிப்போடவில்லை, கிளப்பிவிட்டது. வேதத்தில் முன்னறிவு மனிதரிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. நினிவேக்கு யோனா கொண்டுபோன எச்சரிக்கையும் இதே வகை.

இப்போது ஒக்கிக்குத் திரும்புவோம். எச்சரிக்கை வந்து சேர்ந்தபோது பல படகுகள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. நாள்கணக்கில் தங்கி மீன்பிடித்தவர்களுக்குக் கரையிலிருந்து செய்தி எட்ட வழி இருக்கவில்லை. இவை மனிதர் செய்யத் தவறியவை. அந்த வீடுகளுக்குப் போய் ‘தேவ சித்தம்’ என்று சொல்லும் ஊழியர், தெரிந்தோ தெரியாமலோ, அந்தத் தவறுகளுக்குக் கடவுளின் பெயரால் மூடி போடுகிறார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மருத்துவமனை வாசலில், விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில், கடன் தாளாமல் ஒருவர் உயிரை விட்ட வீட்டில் அந்தச் சொல் உங்கள் நாவில் வந்து நிற்கும். விழுங்கிவிடுங்கள். முதலில் யார் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒக்கிக்குப் பிறகு கடலோர மக்கள் அதைத்தான் கேட்டார்கள். நேரத்தில் எச்சரிக்கை வேண்டும், நடுக்கடலுக்கும் செய்தி எட்ட வேண்டும் என்று தெருவில் இறங்கிக் கேட்டார்கள். அதில் நான் அவிசுவாசத்தைக் காணவில்லை. தாவீது கேகிலாவில் கேட்டதும் அப்படியொரு எச்சரிக்கையைத்தான்.

பேதுருவையும் நினைத்துக்கொள்ளுங்கள். மறுதலிப்பாய் என்று இயேசு முன்பே சொல்லியிருந்தார். மறுதலித்தபின் பேதுரு, நீர்தானே சொன்னீர் என்று வாதாடவில்லை. வெளியே போய் மனங்கசந்து அழுதான். செய்தது தான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

தன் வழியைத் தானே தேர்ந்துகொண்ட ஒரு மனிதர் இந்தத் திருவிதாங்கூர் மண்ணில் இருந்தார். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, அரண்மனை அலுவலர். குடும்பத்தில் இழப்புமேல் இழப்பு வந்து மனம் உடைந்திருந்தபோது, 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தளபதியான, முன்பு டச்சுக் கம்பெனியில் பணியாற்றிய டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். யோபு புத்தகத்தில், துன்பத்துக்குக் காரணம் சொல்லி விளக்கிய நண்பர்கள்மேல்தான் கர்த்தர் கோபங்கொள்கிறார்; கேள்வி கேட்டு முறையிட்ட யோபுவின்மேல் அல்ல. நீலகண்ட பிள்ளை அந்தக் கதையைக் கேட்டார், யோசித்தார், 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக்கொல்லப்படும்வரை, அந்த விசுவாசத்தை விட்டுவிடு என்று அவரிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் மாட்டேன் என்றார்.