நாள்தோறும் நாம் கடன்பட்டிருப்போர்



‘அன்றாட வாழ்வில் நன்றியுணர்வு’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். தலைப்பைக் கண்டதும் சற்றே தயங்கினோம். நன்றி என்னும் சொல் நம்மவர் செவியில் விழுந்த வகையே வேறு. எங்கள் தந்தையார் பண்ணையொன்றில் படியாளாக இருந்தார். ஓர் அறுவடையின்போது கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டதற்காக, “நன்றி கெட்டவன்” என்று களத்து மேட்டிலேயே ஏசப்பட்டார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் தலைகுனிந்து நின்றதை ஏழெட்டு வயதில் கண்டோம். உழைத்தவன் தனக்கு உரியதைக் கேட்டால் அங்கே அதுதான் பெயர். வள்ளுவர் செய்ந்நன்றியறிதல் என ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆயினும் அச்சொல் நமக்குத் திருக்குறள் வழியாக வந்து சேரவில்லை. களத்து மேட்டு வழியாக வந்து சேர்ந்தது. ஆதலின், நன்றி எது, கும்பிடு எது என்று பிரித்துக்கொள்ளாமல் இப்பொருள் பற்றிப் பேசுதல் இயலாது.

ஒரு சாதாரணப் பள்ளி நாளை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணிக்கு முன்பே எங்கள் நடுநிலைப் பள்ளியின் குடிநீர்க் குழாயருகே பிள்ளைகள் மொய்த்துவிடுவர். குழாயைத் திருகி, கையேந்திக் குடித்து, மிஞ்சிய நீரை அடுத்தவன் முகத்தில் தெளித்து, அதற்காக எங்களிடம் வசவும் வாங்குவர். வசவு வாயளவில்தான், உள்ளம் அவர்களோடு விளையாடிக்கொண்டிருக்கும். நாங்கள் பயின்ற பள்ளியில் மூலையில் ஒரு மண்பானை இருந்தது. சேரிப் பிள்ளைகள் அதனைத் தொடலாகாது. வேறொரு மாணவன் மொண்டு ஊற்ற, இரு கைகளையும் குவித்துக் குடிக்க வேண்டும். அவன் விளையாடப் போய்விட்டால் மணியடிக்கும்வரை தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். அண்ணல் அம்பேத்கர் தாம் சாத்தாராவில் பயின்ற நாளில், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கின்மீது தனியே அமர்ந்ததையும், பள்ளிச் சேவகர் குழாயைத் திறந்துவிட்டாலன்றித் தண்ணீர் கிட்டாமற் போனதையும் எழுதியிருக்கிறார். அவரே 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் மக்கள் திரளோடு இறங்கி நீரை அள்ளிப் பருகினார். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1924இல், பொதுச் சாலையும் கிணறும் குளமும் எவருக்கும் மறுக்கப்படலாகாது என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறி ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் எங்கள் பள்ளி மூலையில் அந்தப் பானை இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குழாய் அமைத்துக் கொடுப்பது அரசின் கடமை. அதற்கு நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நீரை உரிமையென்று முதலில் வாய் திறந்து சொன்னவர்களுக்கே குழாயடியில் நம் நெஞ்சு கடன்படுகிறது.

பின்னர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறோம். அரை நிமிட வேலை. எங்கள் தந்தையார் கடன் பத்திரங்களில் வைத்ததெல்லாம் கைநாட்டு. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று அவர் இறுதிவரை அறியார். இதனை மேலும் விரிக்க வேண்டுவதில்லை.

நண்பகலுக்கு வருவோம். 1982 ஜூலை 1 முதல் நடந்துவரும் சத்துணவுத் திட்டத்தையும், 2022இல் தொடங்கி 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தையும் அறியாதார் இலர். அடுப்படியில் நிற்கும் பெண்மணியை அறிந்தவர் சிலரே. முன்பு நாங்கள் பணிபுரிந்த ஊரொன்றில், நம் சமூகத்து அம்மையார் ஒருவர் சமையலராக வந்தார். மறுநாளே சில பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து சோறு கட்டி அனுப்பத் தொடங்கினர். பாதிச் சோறு மீந்தது. பெற்றோரை அழைத்துப் பேசினோம்; மேலிடத்துக்கும் எழுதினோம்; பயன் சிறிதே. அம்மையார் யாரையும் ஒரு சொல் சொல்லாது நாள்தோறும் அதே அளவு சமைத்தார். “அளவைக் குறைத்துக்கொள்ளலாமே, அம்மா” என்றதற்கு, “எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்துத்தானுங்க ஐயா அரிசி வந்திருக்கு, நான் எப்படிக் குறைப்பேன்?” என்றார்.

இரண்டாவது வாரத்தில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, கட்டுச்சோற்றைத் திறவாமல் வைத்துவிட்டுத் தட்டேந்தி வரிசையில் வந்து நின்றாள். உண்டாள். பின்பு, “ஆயா, இன்னும் கொஞ்சம் சாம்பார்” என்று தட்டை நீட்டினாள். நாங்கள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டோம். தலைமையாசிரியர் கண்ணைத் துடைப்பதைப் பிள்ளைகள் காணலாகாதல்லவா? தான் செய்தது இன்னதென்று அக்குழந்தைக்குத் தெரிந்திருக்காது. சாம்பார் நன்றாக இருந்தது, அவ்வளவே.

மாலை ஆறு மணிக்கு இக்கழகத்தின் மாலைப் பள்ளியில் விளக்கெரிகிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கூரைக் கொட்டகையொன்றில் இதனைத் தொடங்கியபோது சிலேட்டு வாங்கவும் கையில் பணமில்லை. நம் தாய்மார்கள்தாம் உலையில் அரிசியிடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைத்தனர். ஞாயிறுதோறும் இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று அப்பிடியரிசியைத் திரட்டி விற்று வந்தனர். வேலையில்லாத வாரங்களிலும் கலயம் வெறுமையாக இருந்ததில்லை. பிள்ளையில்லாத வீட்டிலிருந்தும் அரிசி வந்தது.

இம்மலருக்கான அச்சுப்படியை நேற்றுப் பார்த்தோம். நூறும் ஆயிரமும் வழங்கியோர் பெயர்கள் மூன்று பக்கங்களில் வரிசையாக உள்ளன. பிடியரிசி தந்த ஒருவர் பெயரும் இல்லை. அதற்குக் கணக்கு எழுதப்படவில்லை என்றனர். குறையாகச் சொல்லவில்லை, அன்று அரிசி திரட்டியவர்களில் நாங்களும் இருந்தோம், எங்களுக்கும் எழுதி வைக்கத் தோன்றவில்லை. அத்தாய்மார்களுள் சிலர் இன்று இல்லை. பலர் இப்பந்தலின் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். மலர் அச்சேற இன்னும் பத்து நாள்கள் உண்டு என்றார் செயலாளர். ஒரு பக்கம் ஒதுக்கித் தருவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். தாளும் பேனாவும் கொண்டு வந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் யாரும் எழுந்து போய்விட வேண்டா. கிழக்குத் தெருவிலிருந்து எழுதத் தொடங்குவோம்.