எட்டு இடம், ஒரு நாள், ஒரு துண்டு

போன வாரம் ஆர்வி வாடகைக்கு எடுக்கிறதைப் பற்றிப் பேசினோம். சமையலறை, படுக்கை, டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி, அதான் ஆர்வி. இன்னைக்கு அந்தப் பயணத்துல ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்லப் போறேன். அன்னைக்கு நான் ரொம்ப அவசரப்பட்டேன். அதுக்கு விலை கொடுக்கத் தெரிஞ்சேன், ஒரு துண்டோட தப்பிச்சோம்.

இடம், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன். 1872-ல் அறிவிக்கப்பட்ட, உலகின் முதல் தேசியப் பூங்கா. ஜூன் மாசம். நான், அப்பா, அம்மா. மேற்கு வாசலுக்கு வெளியே ஒரு ஆர்வி பார்க்கில் தங்கியிருந்தோம். பூங்காவுக்குள்ளே எட்டு வடிவத்தில் ரோடு. அதன் கீழ்ப்பாதி வளையம் மட்டுமே 96 மைல், அதாவது கிட்டத்தட்ட 155 கிலோமீட்டர். ஒரே நாளில் சுத்திடலாம்னு எட்டு இடங்களை போன்ல பட்டியல் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் நிமிஷக் கணக்கு எழுதி வெச்சிருந்தேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். முதல் வளைவிலேயே மேல் அலமாரி திறந்து, அம்மா கொண்டு வந்த புளிக்காய்ச்சல் பாட்டில் கீழே விழுந்து உடைஞ்சது. ஆர்வியில் சாவியைத் திருப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கதவும் பூட்டியிருக்கான்னு தொட்டுப் பார்க்கணும். நான் பார்க்கல. அது கரடி நடமாடுற காடு, சாப்பாட்டு வாசனையை வெளியே விடக்கூடாது. அம்மா முழங்கால் போட்டு ஒரு சொட்டு விடாமல் துடைச்சாங்க. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

முதல் இடம், கிராண்ட் பிரிஸ்மாட்டிக். ஏறக்குறைய 110 மீட்டர் அகலமான வெந்நீர் ஊற்று. நடுவில் நீலம், ஓரத்தில் மஞ்சள், ஆரஞ்சு. நடுவில் சூடு அதிகம், அங்கே உயிர்கள் பெருசா வளராது, அதனால் தண்ணீரின் நீலம் தெளிவாத் தெரியுது. ஓரத்துக்கு வர வர ஆறும். அந்தந்தச் சூட்டைத் தாங்குற நுண்ணுயிர்கள்தான் அந்தந்த நிறம். இதே பூங்காவின் வெந்நீரில்தான் 1966-ல் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவரும் ஒரு பாக்டீரியாவை எடுத்தாங்க. அதிலிருந்து கிடைச்ச நொதிதான் பின்னாடி பிசிஆர் முறைக்கு அடித்தளம் ஆச்சு. கொரோனா சமயத்துல நம்ம மூக்கில் குச்சி விட்டாங்களே, அந்தப் பரிசோதனையோட வேர் இங்கே இருக்கு.

ஏழு மணிக்குப் போனதால பெரிய வண்டிக்கு பார்க்கிங் கிடைச்சது. ஆனா காலைக் குளிரில் ஒரே ஆவி. நிறம் ஒண்ணும் தெரியல. மேலே மரப்பலகைப் பாதை, பல இடத்தில் கைப்பிடி கிடையாது. வாசலில் எச்சரிக்கைப் பலகை இருந்தது. அப்பா அதைப் படிக்க நின்னார். "வாங்கப்பா, நேரமாகுது"ன்னு நான் இழுத்துட்டுப் போயிட்டேன்.

பாதி வழியில் காத்து அடிச்சு, அப்பா தோளில் இருந்த துண்டு பறந்தது. பாதைக்கு ரெண்டு அடி தள்ளி, வெள்ளைத் தரையில் போய் விழுந்தது. பார்க்க வயக்காட்டு வரப்பு மாதிரி கெட்டியான தரை. அறுபது வருஷமா துண்டு விழுந்தா குனிஞ்சு எடுக்கிற மனுஷன். ஒரு காலை எடுத்துக் கீழே வைக்கப் போனார். அம்மா கத்தினாங்க. நான் சட்டையைப் பிடிச்சு இழுத்ததுல ரெண்டு பேரும் பலகை மேலேயே விழுந்தோம்.

அந்தத் தரை சில இடத்துல வெறும் ஓடு. அடியில் கொதிக்கிற தண்ணீர். இந்தப் பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளில் இதுவரை 20 பேருக்கு மேல் செத்திருக்காங்க. எனக்கு இது தெரியும். வர்றதுக்கு முன்னாடியே படிச்சிருந்தேன். நிமிஷக் கணக்கு எழுதினவன் இதை அப்பாகிட்ட சொல்லல.

துண்டை அங்கேயே விட்டுட்டு, வெளியே பூங்கா ஊழியர்கிட்ட தகவல் சொன்னோம். இப்படி விழுறதை எடுக்க நீளமான கருவி வெச்சிருக்காங்களாம். வண்டிக்குள்ள வந்ததும் அம்மா பேசாம உப்புமா கிண்டினாங்க. அப்பா கேட்டார்: "எட்டு இடத்தையும் பார்த்துட்டு யார்கிட்டடா கணக்கு ஒப்படைக்கப் போற?" என்கிட்ட பதில் இல்ல. பட்டியலில் மூணு இடத்தை அழிச்சேன்.

அதுக்கப்புறம்தான் அந்த நாள் ஆரம்பிச்சதுன்னு சொல்லணும். பத்தரை மணி வரை காத்திருந்து, பக்கத்துல இருக்கிற குன்றுப் பாதையில் ஒரு கிலோமீட்டர் ஏறினோம். ஆவி விலகி மொத்த நிறமும் கீழே விரிஞ்சது. அப்பா ரொம்ப நேரம் பேசவே இல்ல.

அடுத்து ஓல்டு ஃபெய்த்ஃபுல். "கெய்சர்"னு சொன்னதும் அம்மா, "நம்ம பாத்ரூம்ல இருக்கிறதுதானே, அதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?"னு கேட்டாங்க. இது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, 30 முதல் 55 மீட்டர் உயரத்துக்குப் பீச்சி அடிக்கும். முந்தைய பீச்சல் எவ்வளவு நேரம் நீடிச்சதுன்னு பார்த்து அடுத்ததைக் கணிக்கிறாங்க. அடிச்சு ஓய்ஞ்சதும் அம்மாவே கைதட்டினாங்க.

மலை ஏறினா, 2,500 மீட்டர் உயரத்தில் ஐசா ஏரி. அல்லி இலை மிதக்கிற சின்னக் குளம். பனி உருகும் காலத்தில் இதன் ஒரு பக்கத் தண்ணீர் பசிபிக் கடலுக்கும், இன்னொரு பக்கம் மெக்சிகோ வளைகுடாவுக்கும் போகுது. அதுவும் தலைகீழா: கிழக்குப் பக்கம் வழியுறதுதான் சுத்தி வளைஞ்சு மேற்கே பசிபிக்குக்குப் போகும். என் பட்டியல்ல இதுக்கு அஞ்சு நிமிஷம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் ஹேடன் பள்ளத்தாக்கு. ரோட்டை மறிச்சு காட்டெருமைக் கூட்டம், செம்பழுப்பு நிறக் கன்றுகளோட. ஓரமா இடம் பார்த்து வண்டியை நிறுத்தினோம், அம்மா டீ போட்டாங்க. ஆர்வியோட அருமை அங்கேதான் புரிஞ்சது. நான் போட்டோ எடுக்க இறங்கினேன். விதிப்படி 23 மீட்டராவது தள்ளி நிற்கணும். தள்ளித்தான் நின்னேன், ஆனா ஒரு தாய் எருமை என் பக்கம் நடந்து வந்தது. அப்பா உள்ளேயிருந்து, "வாலைத் தூக்குது பாரு, ஏறுடா!"ன்னார். ஏறிட்டேன். மாடு வளர்த்தவர். எருமை வாலைத் தூக்கினா பாயப் போகுதுன்னு பூங்காக்காரங்களும் அதைத்தான் சொல்றாங்க. மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்.

இருட்டுறதுக்குள்ள 94 மீட்டர் உயர அருவியையும் பார்த்தோம். அஞ்சு இடம். போதும்.

நீங்க ஆர்வியில் போனா மூணு விஷயம். கிளம்புறதுக்கு முன்னாடி அலமாரிகளைத் தொட்டுப் பாருங்க. பெரிய வண்டிக்கு பார்க்கிங் வேணும்னா விடியக்காலையில் போங்க. எச்சரிக்கைப் பலகை முன்னாடி நின்னு, கூட வந்தவங்களுக்கு அவங்க மொழியில் முழுசாப் படிச்சுச் சொல்லுங்க. அதுக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.

அப்பாவுக்கு அப்புறம் ஒரு புதுத் துண்டு வாங்கிக் கொடுத்தேன். மடிச்சு வெச்சிருக்கார், தோளில் இன்னும் போடல. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.