வானம் ஒன்று, பஞ்சாங்கம் இரண்டு

வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து அங்கங்களை உடையது பஞ்சாங்கம். வாரம் ஓர் உதயத்திலிருந்து மறு உதயம் வரை நிற்பது. ஏனைய நான்கும் சூரிய சந்திரரின் நிலையைப் பற்றியவை. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகுங் காலம் ஒரு திதி. சந்திரனின் வேகம் ஒரே சீரானதன்று. ஆதலால் திதி ஏறக்குறைய 20 மணி நேரமாகக் குறுகவும், 26 மணிக்கு மேல் நீளவும் கூடும்.

யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் வழங்குகின்றன. எழுத்துக்களில் எண்களைப் பொதிந்து முன்னோர் இயற்றிய வாக்கியங்களைக் கொண்டு கணிப்பது முன்னையது. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள் உள. வானத்தை அவதானித்துத் திருத்திய கணக்கைக் கொள்வது பின்னையது. இவற்றிடையே திதி முடிவு சில மணி நேரம் வேறுபடுவதுண்டு. அதனால் ஒரே தந்தையின் திவசத்தை அண்ணன் இன்றும் தம்பி நாளையும் செய்ய நேரலாம்.

வானமே சான்று பகரும் நாளும் உண்டு. அது கிரகண நாள். சந்திர கிரகணத்தின் நடுவேளையை ஒட்டியே பூரணை முடிகின்றது. அன்று இரு கணக்கையும் எவரும் ஒப்புநோக்கலாம்.

எனினும், எதனைக் கைக்கொள்வது என்பதைக் குடும்பத்தார் முன்னரே கூடித் தீர்மானித்தல் நன்று. பிதிர்க்கடனிற் பிணக்கு வேண்டாவன்றோ?