ரகத்தை மாத்தினா போதுமா? மல்லாட்டைக் கொல்லையிலிருந்து ஒரு பதில்

வெங்காயத்தில் வரும் மஞ்சள் புள்ளி வைரஸ் பற்றிப் போன பகுதியில் பேசினோம். கேட்டவங்க பல பேருக்கு ஒரே சந்தேகம்: "ரகத்தை மாத்தினா தப்பிச்சிடலாமா?" இதுக்கு மல்லாட்டையை வெச்சுப் பதில் சொல்றது எனக்குச் சுலபம். எங்க ஊர் கீழ்பென்னாத்தூர். நிலக்கடலைக்கு அங்கே மல்லாட்டைன்னுதான் பேரு. அதுல வர்ற மொட்டுக்கருகல் வைரஸும் வெங்காய வைரஸும் ஒரே வகையறா. ரெண்டையும் பரப்புறது இலைப்பேன்தான், இனம் மட்டும் வேற.

நான் பள்ளிக்கூடம் போன காலம். அப்பா கொல்லையில டி.எம்.வி. 2 போட்டிருந்தார். ஒரு மாசத்துக்குள்ள இளந்தளிர்ல வெளிறின வளையங்கள். அப்புறம் நுனி மொட்டு கருகிப்போச்சு. செடி குட்டையா நின்னு, கணுவுக்குக் கணு சின்னச் சின்ன இலையா அடைஞ்சுது. "புடுங்கிப் போடுப்பா, பரவிடும்"னு பக்கத்துக் கொல்லைக்காரர் சொன்னார். அப்பா புடுங்கினார். கொல்லை பூரா சொட்டை சொட்டையா ஆச்சு. கடைசியில கிடைச்ச காயையும், "விதைக்கே சீக்கு"ன்னு செக்குக்குப் போட்டுட்டு, அடுத்த பட்டத்துக்குக் கடன்ல விதை வாங்கினார். அந்தக் கடன் தீர மூணு வருஷம் ஆச்சு.

அப்பா செஞ்ச ரெண்டுமே வேண்டாத வேலைன்னு பிற்பாடு படிச்சப்பதான் தெரிஞ்சுது. இந்த வைரஸ் விதை வழியா அடுத்த பயிருக்குப் போறதில்லை. விதைத்தோல்ல இருந்தாலும் முளைக்கரு வரைக்கும் போகாது. சூம்பின பருப்பைக் கழிச்சிட்டு, நல்லாத் திரண்டதை விதைச்சிருக்கலாம். இன்னொண்ணு, இலைப்பேன் குஞ்சா இருக்கும்போதுதான் வைரஸை ஏத்துக்கும். வளர்ந்த பிறகு பரப்பும். மல்லாட்டையில நோய் பெரும்பாலும் வெளியிலிருந்து காத்துல வர்ற பூச்சியோடவே வந்துடுது. கொல்லைக்குள்ள செடிக்குச் செடி பரவுறது குறைவு. அப்போ புடுங்கி என்ன லாபம்? இறங்குற பூச்சி இறங்கத்தான் செய்யும். செடி நெருக்கமா இருந்தா நூத்துக்கு இத்தனைன்னு அடிபடுறது குறையும், சொட்டை விழுந்தா கூடும். 30க்கு 10 சென்டிமீட்டர்னு, சதுர மீட்டருக்கு 33 செடி கணக்கு சொல்றாங்களே, அந்தக் கணக்கைக் காப்பாத்துறதே இந்த நோய்க்குப் பாதி வைத்தியம். நடுவுல கம்பு வரிசை போட்டாலும் பூச்சி வரத்துக்கு ஒரு தடுப்பு.

சரி, ரகம். டி.எம்.வி.ன்னா திண்டிவனம், செஞ்சி தாண்டினா வந்துடும். டி.எம்.வி. 2 குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940ல் வந்தது. எங்க பக்கத்துக்கு அது பழகின ரகம், நான் குறை சொல்லமாட்டேன். ஆனா மொட்டுக்கருகலுக்கு ரொம்பச் சுலபமா ஆளாகும். ஜே.எல். 24ம் அப்படித்தான். ஆந்திராவின் கதிரி 3, அதாவது ராபுட் 33-1, அதே வயல்ல அதே பருவத்துல குறைவாத்தான் அடிபட்டுச்சு. ஐதராபாத் பக்கம் பட்டான்சேருவில் இருக்கிற இக்ரிசாட் கொடுத்த ஐ.சி.ஜி.எஸ். 11ம் அந்த வரிசைதான்.

இங்கதான் ஒரு சூட்சுமம். "தாங்கும்"னு சொல்ற பல ரகத்துல, ஊசி மாதிரி வைரஸை நேராச் செலுத்திப் பாத்தா நோய் வருது. வயல்ல தப்பிக்கிறதுக்குக் காரணம் பூச்சிக்கு அந்தச் செடி அவ்வளவாப் பிடிக்காததுதான். ஐ.சி.ஜி.வி. 86031ல் பூச்சியையும் ஓரளவு விரட்டி, உள்ள வைரஸ் பெருகுறதையும் மட்டுப்படுத்துற குணம் பார்த்திருக்காங்க. அதனால விதைக்கடையில "நோய் தாங்கும்"னு சொன்னா, பூச்சியையா வைரஸையான்னு கேளுங்க. கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

அப்பாகிட்ட இதையெல்லாம் போன வருஷம்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அந்த மூட்டையில பருப்பு நல்லாத்தாண்டா இருந்துது"ன்னார்.