ஒரே சுவர், மூன்று ஒளி



தஞ்சைப் பெரிய கோயிலை 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் படம் பிடித்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர், ராணுவத்தில் கேப்டன். விமானத்தின் அடித்தளமான அதிட்டானத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டவைத்து, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்தப் பொறுமைக்கே ஒரு கும்பிடு போடலாம். ஆனால் இன்று நான் பேச வந்தது அவருடைய வானத்தைப் பற்றி.

டிரைப்பின் நெகடிவ், மெழுகேற்றிய காகிதம். அதில் பூசிய வெள்ளி உப்புக்கு நீலமும் ஊதாவும், அதையும் தாண்டிப் புற ஊதாவும்தான் உறைக்கும். சிவப்பு உறைக்கவே உறைக்காது. பச்சையும் சரியாகப் பதியாது. விளைவு, நீல வானம் வெறும் தாளாக வெளுத்துப்போகும், மரமெல்லாம் கருத்து மொத்தையாகிவிடும். மனிதர் சும்மா இருக்கவில்லை. நெகடிவின் மேலேயே தூரிகையால் மேகம் வரைந்தார், இலைகளுக்கு வெளிச்சம் கொடுத்தார். ஆக, பழைய கட்டடங்களைப் புற ஊதாவில் எடுப்பது ஏதோ நேற்று வந்த வித்தை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் கண் பார்ப்பதுபோல் பார்க்கத்தான் கேமராவுக்கு வெகுகாலம் பிடித்தது.

கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 400 நானோமீட்டரிலிருந்து 700 வரை. அதற்குக் கீழே புற ஊதா, மேலே அகச்சிவப்பு. அகச்சிவப்பில் எடுத்த படங்களை முதலில் அச்சில் காட்டியவர் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர், 1910இல். அவர் படத்தில் எல்லாம் தலைகீழ்: இலை பனிபோல வெள்ளை, வானம் கறுப்பு. இலையின் பச்சையம் அகச்சிவப்பை உறிஞ்சுவதில்லை, உள்ளே இருக்கும் திசுக்கள் அதைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. காற்றும் அதை அதிகம் சிதறடிக்காததால் வானத்திலிருந்து வரும் அளவு சொற்பம்.

இதைக் கட்டடக்கலைக்குக் கொண்டுவந்து பேர் வாங்கியவர் இங்கிலாந்தின் சைமன் மார்ஸ்டன். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் இடிந்து கிடந்த மாளிகைகளை கோடாக் அகச்சிவப்பு ஃபிலிமில் எடுத்தார். அந்த ஃபிலிமின் பின்புறத்தில் ஒளி தெறிக்காமல் தடுக்கும் பூச்சு கிடையாது. அதனால் வெளிச்சமான ஓரங்களிலெல்லாம் ஒரு மெல்லிய பிரகாசம் கசியும். பேய் பங்களாக்களைத் தேடிப் போனவருக்கு அது பொருந்திவந்தது. அவர் படங்கள் எனக்குப் பிடிக்கும். பிடிக்காதது, அவருக்குப் பின் வந்த கூட்டம். பழைய டிஜிட்டல் கேமராவைத் திறந்து, சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியை எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் ஃபில்டரைப் போட்டால் போதும், யாரும் எடுக்கலாம். எந்தக் கோட்டையானாலும், எந்த தேவாலயமானாலும் அதே வெள்ளை மரம், அதே கறுப்பு வானம். கட்டடத்தைப் பற்றி அந்தப் படம் என்ன சொல்கிறது? பெரும்பாலும் ஒன்றுமில்லை.

சொல்லவைத்தவர்கள் இருக்கிறார்கள். ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலை எடுத்துக்கொள்வோம். கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் முக்கோண முகப்புச் சிற்பங்கள் பல இன்று லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெள்ளைப் பளிங்கென்று உலகமே கொண்டாடிய அவற்றுக்கு ஒரு காலத்தில் வண்ணம் பூசியிருந்ததா என்று 19ஆம் நூற்றாண்டிலேயே சண்டை. 1830களில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயைக் கூப்பிட்டே சோதிக்கச் சொன்னார்கள். சிற்பங்களில் உறுதியாக எதுவும் சிக்கவில்லை. போதாக்குறைக்கு 1930களில் செப்புக் கருவிகளால் சுரண்டிச் 'சுத்தம்' வேறு செய்தார்கள்.

2009இல் ஜொவான்னி வெர்ரி என்ற ஆய்வாளர் சிற்பத்தை இருட்டில் நிறுத்தினார். அதன்மேல் அகச்சிவப்பு கலக்காத சிவப்பு வெளிச்சத்தை மட்டும் பாய்ச்சினார். கேமராவிலோ அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர். அப்படியென்றால் படம் முழுக்கக் கறுப்பாகத்தானே வரவேண்டும்? ஆனால் ஐரிஸ் என்னும் தூது தெய்வத்தின் இடுப்புக் கச்சு மட்டும் ஒளிர்ந்தது. மணல், சுண்ணாம்பு, செம்பு சேர்த்துச் சுட்டுச் செய்யும் 'எகிப்திய நீலம்' என்ற நிறமிக்கு அந்தக் குணம் உண்டு. சிவப்பை வாங்கிக்கொண்டு 910 நானோமீட்டர் அளவில் அகச்சிவப்பாக உமிழும். கண்ணுக்குத் தெரியாத துகள்கூடப் படத்தில் வெள்ளைப் புள்ளியாகிவிடும். 2023இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் முகப்புச் சிற்பங்கள் 11இலும், பக்கச் சுவர்ப் பட்டையில் ஓர் உருவத்திலும் இந்த நீலம் கிடைத்ததாகப் பதிவு செய்தார்கள். சூரியதேவன் ஹீலியோஸ் எழும் கடல் அலை நீலம். ஆடை மடிப்புகளில் பனையோலை போன்ற அலங்காரம்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இந்த முறையில் ஒளிர்வது எகிப்திய நீலமும் இன்னும் சில நிறமிகளும்தான். காவிச் சிவப்பு ஒளிராது. ஒளிரவில்லை என்பதால் வண்ணமே இல்லை என்று முடிவு கட்டினால் அவ்வளவுதான். வெட்டவெளிக் கட்டடத்திலோ பகலில் வேலைக்காகாது, வெயிலே அகச்சிவப்பைக் கொட்டும். இரவுதான் வழி.

சாதாரண ஒளியையும் இளக்காரமாக நினைக்கக்கூடாது. கம்போடியாவின் அங்கோர் வாட் கோயில் சுவர்களில் மங்கலான சிவப்புக் கறைகளை 2010இல் நோயல் ஹிடால்கோ டான் என்ற ஆய்வாளர் கவனித்தார். சாதாரணப் படங்களைத்தான் எடுத்தார். பாறை ஓவியங்களுக்காக எழுதிய கணினி நிரலில் அவற்றின் நிறவேறுபாடுகளை இழுத்துப் பெரிதாக்கியபோது யானை, படகு, வாத்தியக் கோஷ்டி என்று ஏறக்குறைய 200 ஓவியங்கள் எழுந்துவந்தன. லட்சக்கணக்கானவர்கள் நடந்துபோன இடம் அது.

மூன்று ஒளிகளிலும் அதிகம் முரண்டு பிடிப்பது புற ஊதா. இன்றைய பல லென்சுகள் அதன் பெரும்பகுதியைப் பாதி வழியிலேயே நிறுத்திவிடும். குவார்ட்ஸ் லென்ஸ் யானை விலை. ஆகவே இருட்டறையில் படம் பெருக்கிய பழைய என்லார்ஜர் லென்சுகளைத் தேடிப்பிடித்து மாட்டுகிறார்கள். இருட்டில் புற ஊதா விளக்கை அடித்து, சுவர் எப்படி ஒளிர்கிறது என்று எடுப்பது இன்னொரு வகை. கல்லில் படர்ந்த பாசி சிவப்பாக ஒளிரும். பிற்காலத்தில் பிசின் வைத்து ஒட்டிய இடம் வேறு நிறத்தில் ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். அழகான படம் என்று யாரும் சட்டம் போட்டு மாட்டமாட்டார்கள். பழுது பார்ப்பவருக்கு அதுதான் வேண்டும்.

இந்தக் கலையில் எனக்கு மதிப்பு வருவது தனிப்படத்தால் அல்ல. முக்காலியை அசைக்காமல் ஒரே சட்டகத்தை மூன்று ஒளியிலும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எங்கே மாறுகிறது என்று பார்ப்பவரே கட்டடத்தைப் படிப்பவர். சொல்வது எளிது. அகச்சிவப்புக்கு மாறினால் ஃபோகஸ் நகர்ந்துவிடும். பழைய லென்சுகளின் கழுத்தில் ஒரு சிறு சிவப்புப் புள்ளி பார்த்திருப்பீர்கள், அது இதற்காகத்தான்.

கேமராவைத் திறக்க மனமில்லாதவர்கள் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். டிவி ரிமோட்டின் மூக்கைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டி, ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதாவாக ஒரு புள்ளி மினுக்கினால், உங்கள் கைபேசிக்குக் கொஞ்சம் அகச்சிவப்பு தெரிகிறது என்று அர்த்தம். பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் தெரியாது. அங்கே தடுப்பு பலமாக இருக்கும்.