பிள்ளை ஆடட்டும், நீங்கள் உட்காருங்கள்

பெற்றோர்களே, பயிற்சியாளர்களே, வெயிலில் நிற்கும் பிள்ளைகளே!

இந்த விளையாட்டு விழாவில் வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வாழ்த்த மனம் வரவில்லை.

காலையில் சிறுமிகள் கால்பந்து நடந்ததே, பார்த்தீர்களா? பந்து காலுக்கு வந்ததும் ஒரு பிள்ளை தன் தோழி எங்கே நிற்கிறாள் என்று பார்க்கவில்லை. கோட்டோரம் கத்திக்கொண்டிருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அதற்குள் பந்து பறிபோனது. "அறிவிருக்கா?" என்றார் அவர். ஐயா, ஆட்டத்தைக் கெடுத்தது யார்?

ஜெயிக்கச் சொல்லாவிட்டால் பிள்ளை சோம்பேறியாகிவிடும் என்பீர்கள். நார்வே மக்கள்தொகை அரைக் கோடியைச் சற்றே தாண்டும். அங்கே சிறுவர் விளையாட்டுக்கு 1987-லேயே விதி எழுதினார்கள். இன்றைய விதிப்படி, 11 வயதாகும் ஆண்டுவரை புள்ளிப் பட்டியல் இல்லை, தரவரிசை இல்லை. 13 ஆகும்வரை தேசிய சாம்பியன்ஷிப் இல்லை. அந்த நாடுதான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் அள்ளியது. அதுவரை எந்த நாடும் ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் அத்தனை தங்கம் வாங்கியதில்லை! பனியும் பணமும் அவர்களுக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டியல் போடாததால் குடி முழுகிப் போய்விடவில்லையே?

ஜூடோ பிறந்த ஜப்பானில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசிய ஜூடோ போட்டியையே 2022-ல் நிறுத்திவிட்டார்கள். எடைப் பிரிவுக்காகச் சின்னஞ்சிறுசுகளின் உடம்பை வற்றவைத்தார்கள், நடுவரைத் திட்டினார்கள். யார்? பெரியவர்கள்தான்!

நாம் அதற்கும் ஒருபடி மேலே. பிறப்புச் சான்றிதழிலேயே கைவைக்கிறோம். மீசை அரும்பியவன் 14 வயதுப் பிரிவில் பந்து வீசுகிறான். பெற்றவரும் பயிற்சியாளருமே போலி அடையாளம் தயாரித்தால் பிள்ளை மோசடியைத்தானே கற்கும் என்று ராகுல் திராவிட் 2015-லேயே பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் கேட்டார். நம் காதில் விழுந்ததா?

விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு வாங்கச் சான்றிதழ் வேண்டும், தெரியும். ஆனால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்த்துவிட்டுச் சான்றிதழ் மட்டும் கேட்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்த ஆண்டு இந்த மைதானத்தில் 12 வயதுக்குட்பட்டோருக்குப் புள்ளிப் பட்டியல் கூடாது. அணியில் பெயருள்ள ஒவ்வொரு பிள்ளையும் பாதி நேரமாவது களமிறங்க வேண்டும். கத்துகிற அப்பாவுக்கு, அம்மாவுக்கும்தான், நாற்காலி கேட்டுக்கு வெளியே! இதை விழாக்குழு எழுதித் தரட்டும். தரும்வரை இந்த மேசைமேல் இருக்கும் கோப்பைகளில் ஒன்றைக்கூட நான் என் கையால் எடுத்துக் கொடுக்கப்போவதில்லை.