புத்தகத்தை மூடிய பிறகு

(புனித லொயோலா இஞ்ஞாசியார் திருவிழாவையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரை. வாசகம்: லூக்கா 24:13-35)



நம் வீட்டில் திருவிவிலியம் எங்கே இருக்கிறது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். சில வீடுகளில், திருமணத்தன்று கையில் வாங்கிய அதே உறையோடு அலமாரிக்குள் இருக்கிறது. சில வீடுகளில், திருஇருதயப் படத்தின் கீழே மெழுகுதிரிக்குப் பக்கத்தில் திறந்தே வைத்திருக்கிறோம். ஆனால் திறந்திருக்கும் பக்கம் மட்டும் ஆண்டுக்கணக்காக மாறுவதில்லை. பிள்ளைகள் தேர்வு எழுதப் புறப்படும்போது அதைத் தொட்டு முத்தி செய்துவிட்டுப் போகிறார்கள். மதிப்புக்குக் குறைவில்லை. வாசிப்புதான் குறைவு.

யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மறையுரை ஆற்றும் நாமும் இதில் தப்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன சொல்வது என்று தேடிச் சனிக்கிழமை இரவு விவிலியத்தைத் திறக்கிறோம். மக்களுக்குச் சொல்ல மூன்று கருத்துகள் கிடைத்ததும் மூடிவிடுகிறோம். அந்த வார்த்தை நமக்கு என்ன சொல்கிறது என்று கேட்க நேரம் இருப்பதில்லை. ஆகவே, வாசிக்காதவர்களுக்கும், வாசித்து உடனே மூடிவிடுகிறவர்களுக்கும் இன்று ஒரே கேள்விதான். புத்தகத்தை மூடிய பிறகு நம் உள்ளத்தில் என்ன மிஞ்சுகிறது?

ஜூலை 31-ஆம் நாள் நாம் விழா எடுக்கும் புனித இஞ்ஞாசியார் இந்தக் கேள்விக்கு நல்ல வழிகாட்டி. அவர் பிறவியிலேயே புனிதர் அல்லர். ஸ்பெயின் நாட்டில் உயர்குடியில் பிறந்தவர். ஆயுதம் ஏந்திய வீரர். பேரும் புகழும் அரசவையில் மதிப்பும்தான் அவருடைய கனவு. 1521-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள், பாம்ப்லோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது ஒரு பீரங்கிக் குண்டு அவருடைய வலக்காலை நொறுக்கியது. மற்றக் காலிலும் காயம். லொயோலாவில் இருந்த குடும்ப மாளிகைக்கு அவரைத் தூக்கிச் சென்றார்கள். எலும்பு சரியாகக் கூடாததால் மீண்டும் உடைத்துச் சேர்த்தார்கள். பிறகு, முழங்காலுக்குக் கீழே துருத்திக்கொண்டிருந்த எலும்பை அறுத்து எடுக்கும்படி அவரே கேட்டார். ஏன் தெரியுமா? இறுக்கமான, நேர்த்தியான காலணி அணிய முடியாமல் போய்விடுமே என்ற கவலை! மயக்க மருந்து இல்லாத காலம் அது. அழகுக்காக அத்தனை வலியையும் பொறுத்துக்கொண்டார்.

படுக்கையில் பொழுது போகவில்லை. வீரர்களின் சாகசக் கதைப் புத்தகம் இருந்தால் கொடுங்கள் என்றார். அந்த வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. அங்கே இருந்தவை கிறிஸ்துவின் வாழ்வைப் பற்றி லுடால்ஃப் என்ற துறவி எழுதிய நூலும், புனிதர்களின் வரலாற்று நூல் ஒன்றும்தான். வேறு வழியின்றி அவற்றைப் படித்தார். அதுவும் ஒரே மூச்சில் மனம் மாறிவிடவில்லை. சிறிது நேரம் படிப்பார். புத்தகத்தை வைத்துவிட்டு, ஒரு சீமாட்டிக்காகத் தாம் செய்யப்போகும் வீரச் செயல்களை மணிக்கணக்கில் கற்பனை செய்வார். மீண்டும் படிப்பார்; பிரான்சிசும் தோமினிக்கும் செய்ததை நாம் செய்தால் என்ன என்று எண்ணுவார்.

இப்படியே நாள்கள் நகர்ந்தபோது ஒன்றைக் கண்டுகொண்டார். உலகப் பெருமையை எண்ணும்போது இன்பமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எண்ணம் கலைந்ததும் உள்ளம் வறண்டு போனது. புனிதர்களைப் போல் வாழ எண்ணியபோதும் இன்பமாக இருந்தது. அந்த எண்ணம் போன பிறகும் மகிழ்ச்சி தங்கியிருந்தது. இரண்டும் நினைக்கும் நேரத்தில் இனித்தன. பிறகு மிஞ்சியதில்தான் வேறுபாடு தெரிந்தது. கடவுள் எந்தப் பக்கம் அழைக்கிறார் என்பதை அந்த மிச்சத்தைக் கொண்டு அவர் அறிந்தார். பின்னாளில் உலகெங்கும் எத்தனையோ பேர் செய்துவரும் ஆன்மீகப் பயிற்சிகளுக்கு இதுவே விதை. நூலின் சிறந்த பகுதிகளைத் தம் கையாலேயே எழுதிவைத்தார்; இயேசுவின் சொற்களைச் சிவப்பு மையிலும், அன்னை மரியாவின் சொற்களை நீல மையிலும் எழுதினார். அடுத்த ஆண்டு காலைச் சற்றே தாங்கித் தாங்கி அந்த வீட்டைவிட்டுப் புறப்பட்டார்.

அன்புக்குரியவர்களே, இன்றைய நற்செய்தியிலும் இதையே காண்கிறோம். எருசலேமை விட்டு எம்மாவு என்ற ஊருக்கு இரண்டு சீடர்கள் முகவாட்டத்தோடு நடக்கிறார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணம். உயிர்த்த ஆண்டவர் வழிப்போக்கரைப் போலச் சேர்ந்து நடக்கிறார். மோசே தொடங்கி இறைவாக்கினர் எல்லாரும் எழுதியதை விளக்குகிறார். மறைநூல் அந்தச் சீடர்களுக்குப் புதிதன்று. சிறுவயது முதல் தொழுகைக்கூடத்தில் கேட்டதுதான். அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்து மறைந்த பிறகுதான், வழியில் அவர் பேசியபோதே தங்கள் நெஞ்சில் தீ மூண்டிருந்ததை உணர்ந்தார்கள்.

உணர்ந்ததும் என்ன செய்தார்கள்? நல்ல விளக்கம் என்று பாராட்டிவிட்டுப் படுத்துறங்கவில்லை. அந்நேரமே எழுந்து, வந்த வழியே எருசலேமுக்குத் திரும்பினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது என்று சற்றுமுன் ஆண்டவரைத் தடுத்து நிறுத்தியவர்கள் இவர்கள்தாம்! இப்போது இருட்டைப் பொருட்படுத்தாமல், ஏறத்தாழ பதினொரு கிலோமீட்டர் நடக்கிறார்கள். இறைவார்த்தையைக் கேட்டவரின் கால் திசை மாறுகிறது. யாக்கோபு தம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் இதைக் கண்ணாடிக்கு ஒப்பிடுகிறார். வார்த்தையைக் கேட்டும் அதன்படி நடக்காதவர், கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு, அப்பால் போனதும் அது எப்படி இருந்தது என்பதை மறந்துவிடுகிறவர்.

இந்தச் செய்தி நம் தமிழ் மண்ணுக்கும் அன்றே வந்து சேர்ந்தது. இஞ்ஞாசியார் படுக்கையில் படித்த புனிதர் வரலாற்று நூலுக்கு ஸ்பானிய மொழியில் ‘ஃப்ளோஸ் சாங்தோரும்’ என்று பெயர்; புனிதர்களின் மலர் என்று பொருள். அவர் காயம்பட்ட 65 ஆண்டுகளுக்குப் பிறகு, 1586-இல், அதே பெயர் தாங்கிய ஒரு நூல் தமிழில் அச்சானது. நம் முன்னோர் அதை ‘அடியார் வரலாறு’ என்றும் அறிந்தனர். அதை உருவாக்கியவர் அண்டிரிக் அடிகளார், இஞ்ஞாசியார் தொடங்கிய இயேசு சபையைச் சேர்ந்தவர். முத்துக்குளித்துறை மக்களோடு வாழ்ந்து தமிழ் கற்றவர். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1578-இல், கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற சிறு மறைக்கல்வி நூலும் அவர் தந்ததே. கடலையும் வலையையும் நம்பி வாழ்ந்த எளிய மக்களுக்குக் கையில் ஒரு புத்தகம் வேண்டும் என்று அவர் நினைத்தார். ஒரு போர்வீரரைத் திருப்பியது நம் மக்களையும் திருப்பும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையின் வாரிசுகள் நாம்.

‘எங்களுக்கு வாசித்தால் புரிவதில்லையே’ என்று சிலர் சொல்வதைக் கேட்கிறோம். நியாயமான பேச்சுதான். எம்மாவுச் சீடர்களுக்கும் விளக்க ஒருவர் வேண்டியிருந்தது. திருத்தூதர் பணிகள் 8-ஆம் அதிகாரத்தில், தேரில் அமர்ந்து எசாயாவின் நூலைப் படித்துவந்த எத்தியோப்பிய அதிகாரியும், யாராவது விளக்கிக் காட்டாவிட்டால் எனக்கு எப்படி விளங்கும் என்றுதான் பிலிப்பிடம் கேட்டார். நம் புனிதர் தேவசகாயத்தின் கதையும் இதுவே. திருவிதாங்கூர் அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை, குடும்பத்தில் வந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்தார். குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்பு அரசரின் படைக்குப் பயிற்சி அளித்த டி லனாய் என்ற நண்பர், அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். எல்லாம் இழந்தும் கடவுளைக் கைவிடாத ஒரு மனிதரின் கதை, இழப்பில் இருந்த இன்னொரு மனிதரின் நெஞ்சில் இறங்கியது. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் உயிரைக் கொடுத்தார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். இத்தனைக்கும் தொடக்கம் இரு நண்பர்கள் விவிலியத்தைப் பற்றிப் பேசியதுதான். நம் அன்பியக் கூட்டங்களில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பகுதியை வாசிப்பதைச் சிறிய காரியமாக எண்ணிவிட வேண்டாம்.

புனிதர்களின் கதை நமக்கு எட்டாத உயரம் என்று தோன்றினால், நாம் அறிந்த ஒரு பாட்டியின் கதையைக் கேளுங்கள். எழுத்தறியாதவர். முதுமையில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். எட்டாம் வகுப்பு படிக்கும் பேரன் தினமும் இரவில் அவருக்கு நற்செய்தியில் ஒரு பகுதியை வாசித்துக் காட்டுவான். வாசித்து முடித்ததும் பாட்டி தவறாமல் ஒன்று கேட்பார்: “வாசிச்சாச்சு ராசா. இப்ப நாம என்ன செய்யணும்?” பையனுக்குச் சில நாள் பதில் தெரியாது. அப்போது பாட்டியே ஏதாவது ஒன்றைச் சொல்வார். பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் குழம்பு கொடுத்துவிடச் சொல்வார். ஒருநாள், மருமகளை வைததற்குத் தாமே மன்னிப்புக் கேட்டார்.

ஓர் இரவு லூக்கா 15-ஆம் அதிகாரம் வந்தது. ஊதாரி மகனின் உவமை. வாசித்து முடித்ததும் வெகுநேரம் பாட்டி பேசவில்லை. பிறகு, “உன் சித்தப்பாவை வரச் சொல்லு” என்றார். வேலித் தகராறில் இளைய மகன் அந்த வீட்டு வாசலை மிதித்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மறுநாள் மாலை அவர் வந்தார். யாரும் நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. கட்டிலின் ஓரத்தில் சிறிது நேரம் அமர்ந்திருந்தார், அண்ணி வைத்த சோற்றைச் சாப்பிட்டார், போய்விட்டார். பிறகு அடிக்கடி வந்தார். பாட்டி இறந்தபோது அண்ணனும் தம்பியும் ஒன்றாகத்தான் பெட்டியைத் தூக்கினார்கள். வேலி வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் இரு வீட்டுப் பிள்ளைகளும் இன்று ஒரே பாயில் உட்கார்ந்து செபமாலை சொல்கிறார்கள்.

அந்தப் பாட்டிக்கு நோயில் பூசுதல் கொடுக்கப் போனபோது நம்மிடமும் அவர் அதே கேள்வியைக் கேட்டார். “சாமி, நீங்க தினமும் வாசிக்கிறீங்களே, வாசிச்ச பிறகு என்ன செய்வீங்க?” குறும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நமக்கு உடனே பதில் வரவில்லை. அன்று முதல் சனிக்கிழமை இரவுகளில் அந்தக் கேள்வி நம் மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது.

அன்பார்ந்தவர்களே, 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், மறைநூல் வாசிப்போடு செபமும் சேர்ந்து வர வேண்டும் என்று நமக்கு நினைவூட்டியது. வாசிப்பில் கடவுள் பேசுகிறார். செபத்தில் நாம் பதில் சொல்கிறோம். ஆகவே இந்த வாரம் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். இரவு உணவுக்குப் பின் கைப்பேசியைப் பத்து நிமிடம் ஓரமாக வைப்போம். அன்றைய நற்செய்தியை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். வீட்டில் வாசிக்கப் பழகும் சிறு பிள்ளை இருந்தால் அதுவே வாசிக்கட்டும். மூடிய பிறகு உடனே எழுந்துவிடாமல் சிறிது நேரம் அமைதியாக இருப்போம். எந்தச் சொல் உள்ளே தங்கியது என்று பார்ப்போம். பிறகு பாட்டியின் கேள்வியைக் கேட்போம். மறுநாள் செய்ய ஒரே ஒரு காரியம் போதும். மாதம் ஒருமுறை பங்கு நூலகத்திலிருந்து ஒரு புனிதரின் வரலாற்றை எடுத்துவந்து, நோயாளிகள் இருக்கும் வீட்டில் கொடுப்போம். லொயோலாவில் ஒரு நோயாளியின் கட்டிலருகே இரண்டு புத்தகங்கள் என்ன செய்தன என்று கேட்டோம் அல்லவா?

வேண்டுவோம். ஆண்டவரே, எம்மாவு வழியில் சீடரோடு நடந்ததுபோல் எங்கள் வீடுகளுக்கும் வாரும். உமது வார்த்தையை எங்களுக்கு விளக்கியருளும். புத்தகத்தை மூடிய பிறகும் உமது நெருப்பு எங்களுள் அணையாதிருக்கட்டும். நாங்கள் போக மறுத்த வாசலுக்கு எங்கள் கால்களைத் திருப்பியருளும். ஆமென்.